தம்பி முறை

மன்னார்குடி
3 மார்ச் 2025

மதிப்பிற்குரிய பரமேஸ்வரன் அவர்களுக்கு,

வணக்கம். நான் மலர்விழி. போன மாதம் என் அப்பா ராதாகிருஷ்ணனோடு கோலாலம்பூர் வந்திருந்தேன். பிரிக்பீல்ட்ஸ் ஓட்டலிலிருந்து மூன்று நாள் எங்களை உங்கள் காரில் அழைத்துப் போனீர்கள். ஊர் திரும்பியதிலிருந்து உங்கள் எண்ணுக்கு அழைத்துக்கொண்டே இருக்கிறேன். மணி அடிக்கிறது, யாரும் எடுப்பதில்லை. ஓட்டல் கவுன்ட்டரில் இருக்கும் கோபாலன் அண்ணனைக் கெஞ்சித்தான் இந்த முகவரியை வாங்கினேன். அவரைக் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கார் என்ன ஆயிற்று என்று தெரியாமல் எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை.

விமான நிலையத்திலிருந்து வரும்போதே நீங்கள் ஒளிக்காமல் சொல்லிவிட்டீர்கள். "எனக்கு டாக்சி லைசன்ஸ் இல்ல சார். ரோட்ல யாராச்சும் நிப்பாட்டிக் கேட்டா சொந்தக்காரங்கன்னு சொல்லிடுங்க. உங்களுக்கு நான் தம்பி முறை. பாப்பாவுக்குச் சித்தப்பா. முடிஞ்சுது கதை." நான் சிரித்தேன். அப்பா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள், ஜெஞ்சாரோம் பக்கம் தாத்தா வேலை பார்த்த எஸ்டேட்டைத் தேடிப் போய்விட்டுத் திரும்பும்போது, பந்திங் சாலையில் மழைக்குள் கூடாரம் போட்டுப் போக்குவரத்து அதிகாரிகள் வண்டிகளை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். நீங்கள் கண்ணாடியை இறக்கி, இவர் என் அண்ணன், இந்தியாவிலிருந்து வந்திருக்கிறார் என்று மலாயில் சொன்னீர்கள். ஓர் அதிகாரி குனிந்து, இவர் யார் என்று அப்பாவிடம் ஆங்கிலத்தில் கேட்டார். அப்பாவுக்கு எழுபத்திரண்டு வயது. வலது காது மந்தம். கேட்டது சரியாக விழாமல் "டிரைவர்" என்று சொல்லிவிட்டார். ஒரே ஒரு சொல்.

அதற்குப் பிறகும் நீங்கள் எங்களைத்தான் கவனித்தீர்கள். உங்கள் போனிலேயே எங்களுக்கு வேறு வண்டி வரவழைத்து, அது வரும்வரை அப்பாவின் தலைக்கு மேல் குடை பிடித்து நின்றீர்கள். உங்கள் வண்டியை இழுத்துக்கொண்டு போவதை நான் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

என்ன செய்தால் உங்களுக்கு உதவியாக இருக்கும் என்று எழுதுங்கள். அப்பாவின் சார்பில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

பணிவுடன்,
மலர்விழி

*

கிள்ளான்
21 மார்ச் 2025

மலர்விழி அவர்களுக்கு,

வணக்கம். நான் பரமேஸ்வரனின் மகள் அமுதவள்ளி. இங்கே ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. உங்கள் கடிதம் கிடைத்து ஐந்து நாளாகிறது. பதில் போடு, போடு என்று அப்பா தினமும் சொன்னார். எனக்குத்தான் மனம் வரவில்லை. மறைத்து எழுதத் தெரியாது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அப்பாவின் போன் நன்றாகத்தான் இருக்கிறது. தெரியாத எண் எதையும் இப்போது எடுப்பதில்லை, அவ்வளவுதான்.

கார் அமலாக்கப் பிரிவின் கிடங்கில், வெயிலில் நிற்கிறது. அது அப்பாவின் கார் இல்லை. என் கணவர் தனேஷின் பெயரில் உள்ளது. தனேஷுக்குத் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை. மோட்டார் சைக்கிளில் போய் வருவார். கார் சும்மாதானே நிற்கிறது, கோயில் குளம் என்று எடுத்துக்கொள்ளுங்கள் மாமா என்று சாவியைக் கொடுத்திருந்தார். முப்பது வருடம் லோரி ஓட்டிய மனிதர் வீட்டில் சும்மா உட்கார்ந்தால் நோய் வந்துவிடும் என்று எங்களுக்குப் பயம். அப்பா வெளியூர் ஆட்களை ஏற்றுகிறார் என்பது எனக்குத் தெரியும். தனேஷுக்குத் தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்து அவரிடம் மறைத்தோம் என்றுதான் சொல்ல வேண்டும்.

தனேஷ் கத்தவில்லை. கத்தியிருந்தால் மறுநாள் சரியாகியிருக்கும். அவர் அப்பாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். அவர் சாப்பிட வரும் நேரத்தில் அப்பா பின் அறைக்குப் போய்விடுகிறார். ஒரு வீட்டில் இரண்டு பந்தி.

உங்கள் மேல் அப்பாவுக்கு எந்தக் குறையும் இல்லை. நீங்கள் வழியெல்லாம் புத்தகமும் கையுமாக இருந்தீர்களாம், அதை நாலு தரம் சொல்லிவிட்டார். உங்கள் அப்பாவின் காது விஷயத்தை வாசித்துக் காட்டியபோது, "பெரியவரு என்னா செய்வாரு, கேக்கலன்னா" என்றார். சொல்லிவிட்டு லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது.

இனி தபாலுக்குக் காத்திருக்க வேண்டாம். என் மின்னஞ்சல் முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
அமுதவள்ளி

*

மன்னார்குடி
30 மார்ச் 2025

அன்புள்ள அமுதவள்ளி அக்காவுக்கு,

அக்கா என்று எழுதலாம் அல்லவா? எனக்கு உடன்பிறந்தவர் யாரும் இல்லை.

நீங்கள் மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. இரண்டு பந்தி என்ற வரியைப் படித்துவிட்டு அன்று மாலை முழுக்க யாரோடும் பேசவில்லை. நான் பேசாமலிருந்தால் எங்கள் வீட்டில் யாரும் வித்தியாசமாக நினைப்பதில்லை. எப்போதும் அப்படித்தான். ஒரு கல்லூரி நூலகத்தில் உதவி நூலகராக இருக்கிறேன். பேசாமல் செய்யக்கூடிய வேலை. சம்பளத்தோடு புத்தகமும் கிடைக்கிறது.

உங்கள் அப்பா என்னைக் கேலி செய்ததையும் சொன்னாரா? "பாப்பா, புக்கு எங்கயும் ஓடிப்போயிடாதுலா. மழை ஓடிப்போயிடும், வெளிய பாரு." நான் நிமிர்ந்து பார்த்தேன். செம்பனை மரங்களுக்கு மேல் மழை ஒரு பக்கமாக வந்துகொண்டிருந்தது. அவர் சொல்லாவிட்டால் அதைப் பார்த்திருக்க மாட்டேன்.

என் அப்பா கூட்டுறவு வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பா, போருக்கு முந்தைய காலத்தில், உங்கள் ஊர் எஸ்டேட் ஒன்றில் கிராணியாக இருந்தார். ஆட்களுக்குப் பெயர்ப் பதிவு எடுக்கிற எழுத்தர். அந்த இடத்தை ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்பது அப்பாவின் பல வருட ஆசை. அதற்காகத்தான் வந்தோம். உங்கள் அப்பா நாலு இடத்தில் இறங்கி விசாரித்துக் கண்டுபிடித்தார். பங்களாவும் இல்லை, அலுவலகமும் இல்லை. ஒரு தண்ணீர்த் தொட்டியும் வரிசையாகச் செம்பனையும்தான். அப்பா பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போகலாம் என்றார்.

மலேசியாவைப் பற்றி அவர் இப்போது பேசுவதே இல்லை. காதும் முன்னைவிட மோசமாகிவிட்டது.

வீட்டில் நிலைமை எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். நல்ல செய்தி இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

அன்புடன்,
மலர்

*

கிள்ளான்
19 ஏப்ரல் 2025

அன்புள்ள மலர்,

உன்னை ஒருமையில் எழுதுகிறேன். அக்கா என்று கூப்பிட்டுவிட்டாய், இனித் தப்ப முடியாது.

சித்திரைப் பிறப்பு இந்த முறை சத்தமில்லாமல் போனது. பாயசம் வைத்தேன். அப்பா தன் கிண்ணத்தைப் பின் அறைக்கு எடுத்துக்கொண்டு போனார். தனேஷ் அதைப் பார்த்துவிட்டுத் தன் கிண்ணத்தைத் தொடாமலே எழுந்துவிட்டார். கோபமா வருத்தமா என்று எனக்கே புரியவில்லை. பத்து வருடமாக, மாமா மாமா என்று தோளில் கை போட்டுக்கொண்டு திரிந்தவர்.

ஒரு காரியமாக எழுதுகிறேன். தயங்கித் தயங்கித்தான். தனேஷின் பள்ளி நண்பர் ஒருவர் வக்கீல். காரை விடுவிக்கச் சொல்லி மேல்முறையீட்டுக் கடிதம் கொடுக்கலாம் என்கிறார். அப்பாவைப் பற்றி முன்பு எந்தப் புகாரும் இல்லை, வயதும் ஆகிவிட்டது. வண்டியில் வந்த உன் அப்பா, இவர் குடும்பத்துக்கு வேண்டியவர், தம்பி மாதிரி, உதவிக்காகத்தான் அழைத்துப் போனார், வாடகை எதுவும் இல்லை, அதிகாரி கேட்டது காதில் விழாமல் மாற்றிச் சொல்லிவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் நல்ல வாய்ப்பு இருக்கிறதாம். உன் அப்பாவின் காது மந்தம் என்பதே நமக்குப் பெரிய துணை என்றார்.

அது முழு உண்மை இல்லை என்பது எனக்குத் தெரியும். வகுப்பில் முப்பது பிள்ளைகளுக்கு உண்மை பேசு என்று சொல்லிக்கொடுக்கிறவள் இதைக் கேட்கிறேன். ஆனால் கார் வந்துவிட்டால் இந்த வீட்டில் மறுபடியும் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம் என்று நம்புகிறேன். எனக்கு அது போதும்.

அப்பா கேட்கவே கூடாது என்றார். "அவங்கள விட்டுடும்மா. ஊருக்குப் போனவங்கள ஏன் தொந்தரவு பண்ற" என்று கோபித்துக்கொண்டார். அவருக்குத் தெரியாமல்தான் எழுதுகிறேன்.

மே பதினைந்துக்குள் வக்கீல் கையில் இருக்க வேண்டும்.

அன்புடன்,
அமுதா அக்கா

*

மன்னார்குடி
4 மே 2025

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தை அப்பாவிடம் காட்டினேன். அவருக்குக் கை நடுக்கம் அதிகமாகிவிட்டது, கையெழுத்துச் சரியாக விழவில்லை. இரண்டு முறை முயன்றோம். அதனால் நானே எழுதிக் கையெழுத்திட்டு, நோட்டரியிடம் முத்திரை வாங்கி, மூலத்தைக் கூரியரிலும் நகலை இத்தோடும் அனுப்புகிறேன். நானும் வண்டியில் இருந்தவள்தானே. ஆங்கிலத்தில்தான் எழுதியிருக்கிறேன். அதன் சாரம் இது:

'திரு. பரமேஸ்வரன் என் தந்தைக்குத் தம்பி போன்றவர். நான் அவரைச் சித்தப்பா என்றே அழைக்கிறேன். அன்பின் பேரில் எங்களை அழைத்துச் சென்றார். வாடகை எதுவும் பேசவில்லை, கொடுக்கவுமில்லை. என் தந்தை செவித்திறன் குறைந்தவர்.'

எழுதி முடித்ததும் மனம் லேசாகிவிட்டது. ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். இதை எழுத எனக்குக் கொஞ்சமும் சிரமமில்லை.

இன்னொன்று கேட்க வேண்டும். அந்த இடத்தில் யார் யார் என்ன சொன்னார்கள் என்று அவர்கள் குறித்து வைத்திருப்பார்களா? வக்கீல் எதுவும் சொன்னாரா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

அன்புடன்,
மலர்

*

கிள்ளான்
13 மே 2025

என் அன்பு மலர்,

கூரியர் இன்று காலை வந்தது. இடைவேளையில் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து, மின்னஞ்சலில் வந்ததையே மறுபடி படித்தேன். சித்தப்பா என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். பக்கத்தில் இருந்த டீச்சர், என்ன அமுதா, யாருக்கு என்ன என்று கேட்டார். என் தங்கை எழுதியிருக்கிறாள் என்றேன்.

வக்கீல் இன்றே கொடுத்துவிட்டார். அங்கே குறித்து வைத்தது பற்றி அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்பாவின் வாக்குமூலத்தையும், 'ஆண் பயணி டிரைவர் என்று சொன்னார்' என்ற குறிப்பையும் மட்டும்தான் இதுவரை பார்த்திருக்கிறாராம். முழு அறிக்கை பிறகு வரும் என்றார். நீ கவலைப்படாதே.

தனேஷிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தார். பிறகு, "மாமா சாப்பிட்டாரா?" என்றார். மூன்று மாதத்தில் முதல் தடவை. கார் வராவிட்டாலும் உனக்கு நான் கடமைப்பட்டவள்.

அடுத்த முறை வந்தால் பிரிக்பீல்ட்ஸில் ஓட்டல் எல்லாம் எடுக்காதே. என் வீட்டுக்கு வா.

அன்புடன்,
அக்கா

*

மன்னார்குடி
14 ஜூன் 2025

அன்புள்ள அக்கா,

ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. பள்ளித் தேர்வு நேரமாக இருக்கும். இல்லை, வேறு ஏதாவதா?

இங்கே சொல்லும்படி ஒன்றுமில்லை. ஆற்றில் இன்னும் தண்ணீர் விடவில்லை. நூலகத்தில் பழைய பருவ இதழ்களை எடைக்குப் போடச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது. பழைய பதிவேடுகளைப் புரட்டிக்கொண்டு, எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று பிரித்துக்கொண்டிருக்கிறேன். உங்களுக்கு ஒன்று எழுத வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன். உட்கார்ந்தால் வரமாட்டேன் என்கிறது.

முடிவு எதுவானாலும் எனக்குத் தெரிவியுங்கள்.

மலர்

*

கிள்ளான்
2 ஜூலை 2025

மலர்விழி,

மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். காரைப் பறிமுதல் செய்து ஏலத்துக்கு விடுகிறார்கள். வக்கீல் முழு அறிக்கையின் நகலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். மலாயில் இருக்கிறது. ஒரு பத்தியை அப்படியே தமிழில் தருகிறேன்.

'பெண் பயணியைப் பெண் அதிகாரி தனியே விசாரித்தார். அவர், "இவர் எங்கள் டிரைவர். மூன்று நாளைக்கு வாடகைக்கு அமர்த்தியிருக்கிறோம். உறவு எதுவும் இல்லை" என்று ஆங்கிலத்தில் தெளிவாகக் கூறினார்.'

கீழே கையெழுத்து இருக்கிறது. நோட்டரி முத்திரையோடு வந்த கடிதத்திலும் அதே கையெழுத்து. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். பயணி மிரட்டப்பட்டோ தூண்டப்பட்டோ பொய்க் கடிதம் எழுதியிருக்கிறார் என்று முடிவில் எழுதியிருக்கிறார்கள். வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். இது தெரிந்திருந்தால் உன் கடிதத்தைக் கொடுத்திருக்கவே மாட்டாராம். வயதை மட்டும் சொல்லிக் கெஞ்சியிருந்தால் அபராதத்தோடு விட்டிருப்பார்களாம். விட்டிருப்பார்களா, மாட்டார்களா, அது இப்போது யாருக்குத் தெரியும்.

நான் அப்பாவிடம் கேட்டேன். அந்தப் பெண் சொன்னது உங்களுக்குக் கேட்டதா என்று. அவர் கூடாரத்துக்கு வெளியே, பக்கத்தில்தான் நின்றாராம். முதல் நாளிலிருந்தே அவருக்குத் தெரியும். உன் கடிதங்களை நான் வாசித்துக் காட்டியபோதெல்லாம் தெரிந்துகொண்டுதான் கேட்டிருக்கிறார். உன்னிடம் கேட்கக் கூடாது என்று அவர் ஏன் கோபித்துக்கொண்டார் என்பது இப்போதுதான் எனக்குப் புரிகிறது. "சின்னப் புள்ள, பயந்துடுச்சி. யூனிபார்மப் பாத்தா யாருக்கும் பயமாத்தான் இருக்கும். விடு" என்றார்.

அப்பா இப்போது எங்களோடு இல்லை. ஜெஞ்சாரோமுக்கு அப்பால் ஒரு தொழிற்சாலையில் ஜாகா வேலை. வாசலில் உட்கார்ந்து கேட்டைத் திறந்து மூட வேண்டும். அங்கேயே ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். தனேஷ் தடுக்கவில்லை. போக வேண்டாம் என்று நான் சொன்னேன். எத்தனை தரம் சொன்னேன் என்று நினைவில்லை, போதுமான தரம் சொல்லவில்லை.

அக்கா, தங்கை என்று உனக்குக் கடிதத்தில் சுலபமாக வந்தது. எனக்கும்தான் வந்தது. உன்னிடம் ஒரே கேள்வி. பயந்துவிட்டாயா? உறவு எதுவும் இல்லை என்று, அவர்கள் கேட்டுச் சொன்னாயா, நீயாகச் சொன்னாயா?

அமுதவள்ளி

*

மன்னார்குடி
20 ஜூலை 2025

அக்கா,

இப்படி எழுதுகிற உரிமை போய்விட்டது என்று தெரியும். வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

பயப்படவில்லை. அந்தப் பெண் அதிகாரி என்னைக் கூடாரத்துக்குள் அழைத்துப் போய் நாற்காலியை இழுத்துப் போட்டார். என் ஈரத் துப்பட்டாவைப் பார்த்துவிட்டு டிஷ்யூ பேப்பர் கொடுத்தார். என் வயதுதான் இருக்கும். அவரைப் பார்த்தால் யாருக்கும் பயம் வராது. இவர் உங்களுக்கு யார் என்றுதான் கேட்டார். உறவா என்று கேட்கவில்லை. அதை நானாகச் சொன்னேன்.

என் அப்பாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். கையும் நடுங்காது. இரண்டும் நான் எழுதியவை.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் நாள் பத்துமலைக்குப் போகும் வழியில் அப்பா உங்கள் அப்பாவிடம் பூர்வீகம் எந்த ஊர் என்று கேட்டார். "தாத்தா சேலம் பக்கம்னு சொல்வாரு சார். பக்கம்னா எத்தன கிலோமீட்டர்னு யாரு கண்டா" என்று அவர் சிரித்தார். அப்பா விடவில்லை. சேலத்தில் எந்தப் பக்கம், என்ன ஆளுங்க என்றார். எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே பொருள்தான். என்ன சாதி என்பதை மரியாதையாகக் கேட்கும் முறை அது. உங்கள் அப்பாவுக்கும் புரிந்திருக்க வேண்டும். கண்ணாடியில் அப்பாவைப் பார்த்து, "எஸ்டேட் ஆளுங்கதான் சார்" என்றார். அப்பா தலையாட்டினார். அதற்குப் பிறகு மூன்றாம் நாள் வரை அவரைப் பெயர் சொல்லியோ முறை சொல்லியோ எதுவும் சொல்லியோ கூப்பிடவில்லை. "இந்தாப்பா" என்பதோடு சரி.

மூன்றாம் நாள் மதியம் ஒரு வாழை இலைக் கடையில் உட்கார்ந்தோம். உங்கள் அப்பா எங்கள் மேசையிலேயே, அப்பாவுக்கு எதிரே வந்து அமர்ந்தார். அங்கே அதுதான் வழக்கம் போலிருக்கிறது. இலை போட்டபோது அப்பா எனக்குப் பசியில்லை என்று எழுந்துபோய்க் காரில் உட்கார்ந்துகொண்டார். உங்கள் அப்பா ஒரு நிமிடம் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கடைக்காரரைக் கூப்பிட்டு, "அண்ணனுக்கு ஒரு சோறு கட்டிடுங்க, பாஸ். அப்புறம் பசிக்கும்லா" என்றார். அந்தப் பொட்டலத்தை அப்பா பிரிக்கவே இல்லை. நான் சாப்பிட்டேன். நன்றாகச் சாப்பிட்டேன், ஒன்றும் சொல்லாமல்.

அதற்கு இரண்டு மணி நேரம் கழித்துத்தான் அந்தக் கூடாரம்.

அப்பா டிரைவர் என்று சொன்னது வாய்தவறி அல்ல. என்ன சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அதைச் சொல்ல அவர் வாய் வரவில்லை. நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது அவர் பத்தடி தள்ளி நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் நாள் காலையில், அப்பா குளித்துக்கொண்டிருந்தபோது, ஓட்டல் வாசலில் நான் உங்கள் அப்பாவைச் சித்தப்பா என்று கூப்பிட்டேன். தேநீர் குடிக்கிறீர்களா என்று கேட்பதற்காக. அவர் திரும்பிப் பார்த்து, "வாம்மா" என்றார். அவ்வளவு சாதாரணமாக. அந்தச் சொல் என்னிடம் இருந்தது, அக்கா. அப்பா இல்லாத இடத்தில்தான் அது வாயில் வரும் என்று எனக்கு அன்றுவரை தெரியாது. நான் படித்த புத்தகங்களில் இதைப் போல ஒருத்தி வந்தால் அவளை நான் மதிக்க மாட்டேன்.

உறவு எதுவும் இல்லை என்று சேர்த்துச் சொன்னது அப்பாவுக்காக. அவர் காதில் விழ வேண்டும் என்பதற்காக.

மே மாதம் உங்கள் கடிதத்தைக் காட்டியபோது அவர் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். "டிரைவரை டிரைவர்னுதானே சொன்னேன், அதுல என்ன பொய்? அவனை எனக்குத் தம்பின்னு கையெழுத்துப் போட்டா உங்க தாத்தா பேரு என்ன ஆவும்?" அறைக்குப் போய் உங்களுக்கு அந்தப் பொய்க் கடிதத்தை எழுதினேன். என் முதல் வாக்குமூலத்தை உங்களிடம் சொல்லியிருந்தால் கார் வந்திருக்கலாம். அது அவர்களிடம் இருக்குமோ என்ற பயம் எனக்கு இருந்தது. சொன்னால் நீங்கள் என்னைத் தங்கை என்று நினைக்க மாட்டீர்கள் என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. நான் பயந்தது அந்த ஒரு இடத்தில்தான்.

போன வாரம் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காரைப் பற்றி, ஜாகா வேலையைப் பற்றி. "சட்டம் இருக்குல்ல" என்றார். சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரித்தார். இரவுச் சாப்பாட்டுக்கு நான் அவரோடு உட்காரவில்லை. அவர் ஏன் என்று கேட்கவில்லை.

மன்னிப்பு என்ற சொல்லை முதல் கடிதத்தில் அப்பாவின் சார்பில் எழுதினேன். இப்போது என் சார்பில் எழுதக் கை வரவில்லை. அதைக் கேட்டு உங்களுக்கு இன்னொரு வேலை வைக்க விரும்பவில்லை. உங்கள் அப்பாவிடம் இதை வாசித்துக் காட்டுங்கள். அவருக்கு உண்மை தெரிய வேண்டும்.

மலர்விழி

*

கிள்ளான்
24 ஆகஸ்ட் 2025

மலர்விழி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் ஒரு மாதம் முன்பே கிடைத்தது. கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லியிருக்கிறீர்கள். அதற்கு நன்றி.

கார் ஏலத்தில் போய்விட்டது. தனேஷ் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டாரை எடுத்துக்கொண்டு போய் அப்பாவை அழைத்து வருகிறார். போகிற வழியிலும் வருகிற வழியிலும் பேசிக்கொள்கிறார்களா என்று தெரியாது. ஹெல்மெட்டைக் கழற்றும்போது இரண்டு பேர் முகமும் ஒரே மாதிரி இருக்கிறது. மாலையில் திரும்பக் கொண்டுபோய் விட்டுவிடுகிறார். இங்கேயே இருங்கள் என்று அவர் சொல்லவில்லை. அப்பாவும் அதை எதிர்பார்த்துப் பையைக் கொண்டுவருவதில்லை.

இன்று மதியம் அப்பா வந்திருந்தார். மீன் குழம்பு. சாப்பிடும்போது, "அந்தப் புள்ள எழுதிச்சா?" என்று கேட்டார். எழுதியிருக்கிறது என்றேன்.

"என்னா சொல்லிச்சி?"

உங்கள் கடிதத்தை அச்சிட்டு அலமாரியில் வைத்திருந்தேன். எழுந்தால் நாலு எட்டு. உங்கள் விருப்பப்படி வாசித்துக் காட்டலாம் என்றுதான் அச்சிட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சோற்றில் பள்ளம் செய்து குழம்புக்காகக் காத்திருந்தார். எனக்கு அந்த வாழை இலைக் கடை நினைவுக்கு வந்தது. நான் அதைப் பார்த்தது இல்லை, ஆனாலும்.

"பயந்துட்டாங்களாம்பா" என்றேன்.

"அதான் நான் அப்பவே சொன்னேன்லா" என்றார். குழம்பை ஊற்றினேன். பிறகு, "நல்லா படிக்கிற புள்ள" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். இந்த வீட்டில் அவர் அப்படிச் சாப்பிட்டு ஆறு மாதமாகிறது.

அவருக்கு உண்மை தெரிய வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். தெரிந்தால் உங்களுக்குப் பாரம் இறங்கும். அவருக்கு ஏறும். நான் அவர் மகள், அவர் பக்கம்தான் பார்க்க முடியும்.

சொன்ன பொய்யை இனி அவர் இருக்கும் வரை நான் காப்பாற்ற வேண்டும். உங்கள் கடிதம் வரும்போதெல்லாம் அவர் கேட்பார், நான் இன்னொன்று சொல்ல வேண்டியிருக்கும். எனக்கு அவ்வளவு சாமர்த்தியம் இல்லை. அதனால் இனி எழுத வேண்டாம். கேட்டால், திருமணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டார்கள் என்று ஒரே ஒரு முறை சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

நலமாக இருங்கள்.

இப்படிக்கு,
அமுதவள்ளி பரமேஸ்வரன்